மறைந்த பாடகரின் குரல் யாருக்குச் சொந்தம்?

2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் வெளியானபோது, அதைக் கேட்டவர்கள் திகைத்தார்கள். அதில் ஒலித்த ஒரு குரல் 'ஊர்வசி ஊர்வசி' பாடிய சாகுல் ஹமீதுடையது. அவர் 1990களிலேயே சாலை விபத்தில் இறந்துவிட்டார். இன்னொன்று 2022 செப்டம்பரில் காலமான பம்பா பாக்யாவின் குரல். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் உதவியுடன் இரண்டையும் மீண்டும் பாட வைத்திருந்தார். பேச்சு எழுந்ததும், இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக அவர் விளக்கினார்.

இது எப்படி நடக்கிறது? பழைய பதிவுகளைக் கொண்டு அந்தக் குரலின் தன்மையைக் கணினிக்குப் பழக்குகிறார்கள். பிறகு வழக்கமாக, உயிரோடிருக்கும் ஒருவர் புதுப் பாட்டைப் பாடுவார். அதன்மேல் மறைந்தவரின் குரல் போர்த்தப்படும். மூச்சும் இழுவையும் இவருடையவை. குரல் மட்டும் அவருடையது. (இந்த உயிருள்ள பாடகரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.)

அதே காலத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கேட்காமலே பயன்படுத்தியதாக 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படக் குழுவுக்கு அவரது மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

சட்டம் இதில் இன்னும் தெளிவடையவில்லை. 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம், உயிரோடிருக்கும் பாடகர் அரிஜித் சிங்கின் குரலுக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில், அத்தகைய உரிமைகள் அவரது மரணத்தோடு முடிந்துவிட்டன என்று 2023இல் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. அப்படியிருக்க, ரஹ்மான் வாரிசுகளைத் தேடிச் சென்று கேட்டதை நாம் நல்ல முன்மாதிரியாகவே பார்க்கிறோம்.

இசை கூடுமா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கே போகவில்லை. நம்மைக் கவலைப்பட வைப்பது வேறு. பழனி அருகே நம் ஆயக்குடியானாலும் வேறு ஊரானாலும், முஸ்லிம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி என்றாலே நினைவுக்கு வருபவர் மர்ஹூம் நாகூர் ஈ.எம். ஹனீபா. 2015இல் மறைந்தவர். நாளை யாரோ எழுதிய வரிகளை அவர் குரலில் பாட வைத்து வாட்ஸ்அப்பில் விட்டால்? சினிமாப் பாட்டில் அது பணம், பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். மார்க்கம் பற்றிய வரியென்றால், அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக ஆக்குவது. பணத்துக்கு வாரிசுகளின் சம்மதம் போதும், வார்த்தைக்குப் போதுமா? யார், யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை அலசியே ஹதீஸை ஏற்ற சமுதாயம் நாம். குரல் அவருடையதுதான் என்பது இனி ஆதாரமாகாது. எந்த வெளியீடு, எந்த ஆண்டு என்றும் கேட்க வேண்டும்.

உயிரோடிருக்கும் பாடகர்களும் காரிகளும் இப்போதே இதை எழுதி வைக்கலாம்: தமக்குப் பின் தம் குரலை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று, வேண்டவே வேண்டாமென்றால் அதையும்.