ஒரு யூனிட் கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை? கொட்டேஷன் தாளுக்குள் இருக்கும் வரலாறு

இந்த எபிசோட் ஒரே ஒரு ஏ4 தாளைப் பத்தினது. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம்னு நம்ம பக்கம் வீடு கட்டுற யார் வீட்டுக்குப் போனாலும் அந்தத் தாள் இருக்கும். மேலே பிள்ளையார் சுழி, கீழே கான்ட்ராக்டரோட கையெழுத்து, நடுவுல ஒரு வரி: சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய். அதுதான் கொட்டேஷன்.

எங்க வீட்டு முதல் மாடிக்கு அப்பா மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினார். மூணு தொகைக்கும் நடுவுல நல்ல இடைவெளி. ஆனா மூணு பேரும் ஏறக்குறைய ஒரே கடையில சிமெண்ட், ஒரே டிப்போவுல கம்பி வாங்குறவங்க. அப்போ வித்தியாசம் எங்கேர்ந்து வருது? நான் சாஃப்ட்வேர்காரன். ஒரே வேலைக்கு மூணு எஸ்டிமேட் வந்தா, மூணு பேரும் மூணு வேற வேலையை மனசுல வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இது எங்க ஆபீஸ்ல தெனமும் நடக்குறது. கான்கிரீட்டும் அப்படித்தானான்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினா நூறு வருஷத்துக்கு மேல போகுது.

முதல்ல அளவு. 1956-ல எடை, அளவுகளுக்கான சட்டம் வந்து, 1958-லேர்ந்து மெட்ரிக் முறை படிப்படியா நடைமுறைக்கு வந்துச்சு. சட்டம் மாறிடுச்சு, லாரி மாறல. இன்னைக்கும் நம்ம ஊர்ல மணலும் ஜல்லியும் யூனிட் கணக்குதான். ஒரு யூனிட்னா 100 கன அடி. சென்ட்ரிங் கூலி சதுர அடியில, இல்லாட்டி 100 சதுர அடி சேர்ந்த 'சதுரம்' கணக்குல. கம்பி தடிமன் மில்லிமீட்டர்ல, விலை கிலோவுல. ரெடிமிக்ஸ் கான்கிரீட் கன மீட்டர்ல. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அளவு முறை ஓடுது. பவுண்டு கணக்கையும் நியூட்டன் கணக்கையும் குழப்பிக்கிட்டதால 1999-ல நாசாவோட செவ்வாய் விண்கலம் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. நம்ம மேஸ்திரிங்க இந்த மாத்தலை மனக்கணக்காவே போடுறாங்க.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடி ரூஃப், 5 அங்குலக் கனம். மொத்தம் சுமார் 417 கன அடி, அதாவது 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல, மெட்ரிக்ல 11.8 கன மீட்டர். ஈரமான கான்கிரீட் ஒரு கன மீட்டர் வேணும்னா, உலர்ந்த பொருளா 1.54 கன மீட்டர் போடணும். ஜல்லிக்கு நடுவுல இருக்குற சந்துக்குள்ள மணல் போகும், மணலோட சந்துக்குள்ள சிமெண்ட் போகும், அதனால கலந்ததும் அளவு சுருங்கும். கையேடுங்க பலதுலயும் வர்ற எண் இது.

இப்போ கலவை விகிதம். 1:2:4-ன்னா ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. இதுல ஒரு யூனிட் கான்கிரீட்டுக்கு சுமார் 18 மூட்டை சிமெண்ட் ஆகும். 1:1½:3 போட்டா சுமார் 23 மூட்டை. நம்ம 1,000 சதுர அடி ரூஃபுக்கு முதல் விகிதத்துல 75 மூட்டை, ரெண்டாவதுல 95. இருபது மூட்டை வித்தியாசம். ரெண்டுமே கொட்டேஷன்ல 'ஆர்.சி.சி. ரூஃப்'ங்கிற ஒரே வார்த்தையாத்தான் வரும். ரூஃப் போட்டு முடிஞ்சப்புறம் கண்ணால பார்த்தும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இந்த 1:2:4 எங்கேர்ந்து வந்துச்சு? பழைய நாள்ல கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது ஏத்துக்கப்பட்ட விகிதம்தான். தோராயமா எம்15 தரம். இந்தியாவோட கான்கிரீட் விதிப்புத்தகம் ஐ.எஸ். 456 முதல்ல 1953-ல வந்துச்சு. 2000-ல திருத்தினப்போ, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைஞ்சபட்சம் எம்20-ன்னு வரையறுத்துட்டாங்க. 1:1½:3 அந்த எம்20-க்கு நெருக்கமான விகிதம். புத்தகம் மாறி கால் நூற்றாண்டு ஆச்சு. ஆனா பழைய விகிதம் வாய்வழியா இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. ஏன்னா அது மனப்பாடம் பண்ண சுலபம், போட மலிவு.

அரசாங்கம் இந்தக் குழப்பத்தை எப்படிச் சமாளிச்சுது? பொதுப்பணித்துறை வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே எல்லாத்தையும் எழுதி வெச்சுச்சு. 'மெட்ராஸ் டீட்டெய்ல்ட் ஸ்டாண்டர்டு ஸ்பெசிபிகேஷன்ஸ்'னு ஒரு தொகுப்பு. மெட்ராஸ் மாகாணம் பிரிஞ்சப்புறமும் ஆந்திரா பக்கம் டெண்டர்கள்ல அதோட பேர் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதோட 'டேட்டா'ன்னு ஒண்ணு. நம்ம டேட்டா இல்ல. ஒரு அளவு கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை, எவ்வளவு ஜல்லி, எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள்னு உடைச்சு எழுதின பட்டியல். வருஷா வருஷம் வர்ற விலைவிகிதப் பட்டியலை அதுமேல பெருக்கினா ரேட் வந்துடும். வேலை முடிஞ்சதும் இன்ஜினியர் நேர்ல அளந்து எம்-புக்ல எழுதணும். எழுதின அளவுக்குத்தான் பணம். எப்படி அளக்கணும்ங்கிறதுக்கும் ஐ.எஸ். 1200-ன்னு தனி விதி. உதாரணமா, கான்கிரீட்டுக்குள்ள கம்பி அடைக்கிற இடத்தைக் கழிக்கக் கூடாது. கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங் மூணையும் தனித்தனியா அளக்கணும். தனியார் கொட்டேஷன்ல இந்த மூணும் சேர்ந்து ஒரே சதுர அடி ரேட்டா மாறிடுது.

அந்த அரசு எஸ்டிமேட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை 'லீட்'. பொருள் கிடைக்கிற இடத்துலேர்ந்து சைட்டு வரைக்கும் எத்தனை கிலோமீட்டர்ங்கிற கணக்கு. கான்கிரீட்ல பாதிக்கு மேல கல்லுதான். அதனால தூரமே விலை.

நம்ம ஏரியாவோட கதை இங்கேதான் சூடு பிடிக்குது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் மலைங்களோட கல்லுக்கு உலகப் புவியியல்ல ஒரு பேர் இருக்கு: சார்னோகைட். கல்கத்தாவோட பழைய ஆங்கிலேய வியாபாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் இதே வகைக் கல்லா இருந்ததால, 1893-ல தாமஸ் ஹாலந்துங்கிற புவியியலாளர் இந்தப் பேரை வெச்சார். பேர் கல்கத்தாக்காரரோடது, கல் நம்மளோடது. நீலம் கலந்த கருப்பு, ரொம்பக் கெட்டி. ஜல்லிக்குன்னே செஞ்ச மாதிரி. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் வருஷக்கணக்கா குவாரிங்க ஓடுச்சு. 1931-ல பீச்-தாம்பரம் மின்சார ரயில் வந்து, அந்தப் பாதையில ஊர் வளர வளர, அந்த ஊருக்கு வேண்டிய கல்லு பாதை ஓரத்துலயே இருந்துச்சு. லீட் கிட்டத்தட்ட பூஜ்யம்.

மலை குறைஞ்சு, ஊர் குவாரி வாசலுக்கே வந்துச்சு. கல் எடுத்த பள்ளங்கள்ல இப்போ தண்ணி நிக்குது. மாங்காடு பக்கத்துல சிக்கராயபுரம் குவாரித் தண்ணியை 2017 வறட்சியில சென்னைக்கே குடிக்கக் கொடுத்தாங்க. நம்ம வீட்டு ரூஃப்ல இருக்குற ஜல்லி எடுத்த இடத்துலேர்ந்துதான் ஒரு கோடைக்குத் தண்ணியும் வந்துச்சு. ஆனா புது ஜல்லி இப்போ தூரத்துலேர்ந்து வருது. அந்தத் தூரத்துக்கான டீசல் உங்க கொட்டேஷன்ல இருக்கு, தனி வரியா மட்டும் இல்ல.

மணலும் இப்படித்தான். பாலாத்து மணல்தான் ஒரு காலத்துல நம்ம பக்கத்து வீடுங்களோட உயிர். 2003-ல மணல் அள்ளுறதை அரசே பொதுப்பணித்துறை மூலமா எடுத்துக்கிச்சு. 2017 நவம்பர்ல, ஆறு மாசத்துல மணல் குவாரிகளை மூடணும்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. எம்-சாண்ட் பேச்சு வீட்டுக்கு வீடு வந்தது இந்தக் காலத்துலதான். கல்லை உடைச்சே மணல் செய்யிறது. அதாவது ஜல்லியோட லீட் மணலுக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. இன்னொரு விஷயம்: கொஞ்சம் ஈரமான மணல் உப்பும், 20 சதவீதத்துக்கு மேலகூட. லாரியில யூனிட் கணக்குல வாங்குறப்போ அந்த உப்பலுக்கும் காசு குடுக்குறோம். ரெடிமிக்ஸ் பிளான்ட்ல எல்லாத்தையும் எடை போட்டு, ஈரத்தைக் கழிச்சுக் கலக்குறதுக்கு இதுதான் காரணம்.

சிமெண்டுக்கு வருவோம். இந்தியாவுல முதன்முதலா போர்ட்லாண்ட் சிமெண்ட் தயாரிக்க முயற்சி நடந்தது நம்ம மெட்ராஸ்லதான், 1904-ல, கடல் சிப்பியை வெச்சு. அது ஓடல. இரண்டாம் உலகப்போர் காலத்துல அரசு கட்டுப்பாடு வந்துச்சு. அப்புறம் பல வருஷம் சிமெண்ட்னா பெர்மிட். 1982 பிப்ரவரியில பாதிக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க, முழுசா எடுத்தது 1989 மார்ச்ல. உங்க தாத்தா வீடு கட்டின கதையைக் கேளுங்க, மூட்டைக்கு அலைஞ்ச கதை ஒண்ணாவது வரும். 'சிமெண்ட் நம்ம வாங்கித் தந்துடலாம், கூலி மட்டும் அவங்களுக்கு'ங்கிற லேபர் கான்ட்ராக்ட் பழக்கம் இன்னைக்கும் நம்ம பக்கம் உயிரோட இருக்கு. சிமெண்டைக் கையில வெச்சிருக்கறவன்தான் வீட்டுக்கு முதலாளின்னு நெனைச்ச காலத்தோட மிச்சம் அதுன்னு எனக்குத் தோணுது. வரியும் விளையாடும்: 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ சிமெண்டுக்கு 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 18. அதனால கொட்டேஷன்ல தேதி பாருங்க.

கொட்டேஷன்ல வரவே வராத பொருள் தண்ணி. 1918-ல சிகாகோவுல டஃப் ஆப்ராம்ஸ் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்கு அப்புறம் சொன்னது இதுதான்: ஒரே பொருள்கள்ல, சிமெண்டுக்குத் தண்ணி என்ன விகிதம்ங்கிறதுதான் வலிமையைத் தீர்மானிக்குது. கூடக் கொஞ்சம் தண்ணி ஊத்தினா கலவை நல்லா ஓடும், வேலை சீக்கிரம் முடியும், கூலி மிச்சம். ரூஃப் பலவீனம். 95 மூட்டைக்குக் காசு குடுத்துட்டு, ஒரு ஹோஸ் பைப்பால அதோட பலனை இழக்கலாம். அதே மாதிரி போட்டப்புறம் ஒரு வாரமாவது பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். அதுக்கு ஆள் கூலி யாருதுன்னு எத்தனை கொட்டேஷன்ல எழுதியிருக்கு?

ஆளுங்களும் அப்படித்தான். சட்டி தூக்குற சித்தாள், கம்பி கட்டுறவர், பலகை அடிக்கிறவர் எல்லாரும் சதுர அடி ரேட்டுக்குள்ள கரைஞ்சுபோறாங்க. தமிழ்நாட்டுல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல வந்துச்சு. 1996 மத்தியச் சட்டப்படி கட்டுமானச் செலவுல 1 சதவீதம் செஸ் வசூலிச்சாங்க. அந்தச் சட்டத்துல சொந்தக் குடியிருப்புக்குப் பத்து லட்சம் வரை விலக்கு இருந்துச்சு, நம்ம ஊர் விலைவாசியில முழு வீடு அதைத் தாண்டிடும். ரூஃப் நாள்ல நம்ம வீட்டுல நிக்கிற அந்த அக்காவோட பிள்ளைக்குப் படிப்பு உதவி வர்றது அந்தப் பணத்துலேர்ந்துதான். அவங்க வாரியத்துல பதிஞ்சிருந்தா.

இதெல்லாம் வெறும் காசுக் கணக்கான்னு கேட்டா, 2014 ஜூன் 28. மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாள்ல இடிஞ்சு விழுந்து 61 பேர் செத்தாங்க. பெரும்பாலும் அங்கே வேலை செஞ்ச தொழிலாளிங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர்ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க. ஒரு கட்டடம் விழுறதுக்குப் பல காரணம் சேரும், எல்லாத்தையும் ஒரு கொட்டேஷன் மேல போட முடியாது. ஆனா தாள்ல எழுதாததை யாரும் சோதிக்கவும் முடியாது.

எங்க மூணு கொட்டேஷனுக்கும் நான் கேட்டது இவ்வளவுதான். எந்தத் தரம், எம்20-ஆ? கனம் 4 அங்குலமா, 5-ஆ? 4-க்கும் 5-க்கும் நடுவுல கால் பங்கு கான்கிரீட் கூடுது. கம்பி எத்தனை கிலோ, யாரோட டிராயிங் படி? கான்கிரீட் அளவுல ஒரு சதவீதம் கம்பின்னா கன மீட்டருக்கு 78.5 கிலோ. நம்ம உதாரண ரூஃபுக்கு 925 கிலோ பக்கம். சென்ட்ரிங், பம்ப், க்யூரிங் உள்ளேயா, வெளியேயா? சிமெண்ட் விலை ஏறினா யார் பொறுப்பு? பதில் வந்ததும் மூணு தொகைக்கும் இருந்த இடைவெளி பாதியாச்சு. குறைஞ்சவர் 4 அங்குலமும் 1:2:4-ம் போட்டிருந்தார். அவர் ஏமாத்தல. யாரும் கேக்கல, அவர் தெரிஞ்ச வழக்கத்தை எழுதினார். கேட்டதும் அவரே திருத்தி எழுதிக் குடுத்தார், வேலையும் அவருக்கே போச்சு.

வீடு கட்டுற நண்பர் யாராவது இருந்தா, தொகை போடுறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம், நம்ம வீட்டு மொட்டை மாடியில ஓட்டுக்குக் கீழே போடுற செங்கல் ஜல்லி, சுண்ணாம்பைப் பத்திப் பேசுவோம். மெட்ராஸ் டெரஸ்னு ஒரு பழைய கூரை, கான்கிரீட் வந்தும் எப்படி முழுசாப் போகாம தங்கிச்சுங்கிற கதை. வரேன் மக்களே.