கீழூரில் எட்டுப் பேர்

சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று ஜனங்களே வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 7,463 பேர். மறுத்து 114 பேர். 1948 ஜூன் உடன்பாட்டின்படி புதுச்சேரியிலும் அப்படியொரு வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதிகள் 178 பேர், சட்டமன்றத்தாரும் முனிசிபல் கவுன்சிலர்களுமாக, கூடினார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

நான் வங்கிக் குமாஸ்தா. 170, 8, கூட்டினால் 178. பேரேட்டில் பிசகில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதமின்றி எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது 1946இன் பிரெஞ்சு அரசியல் சட்டம், 27வது ஷரத்து. 'மக்கள்' என்பதைக் கீழூர் 'கவுன்சிலர்கள்' என்று வாசித்தது. முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. ஜனங்களைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பதில் தெரியும் என்பதற்காகக் கேள்வியைக் கேட்காமல் விடலாமா?

1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு சட்டப்படி நிறைவேறியபோதுதான் தனிமனிதன் கேட்கப்பட்டான்: பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடு. ஊரைப் பற்றியல்ல, தன்னைப் பற்றி. இங்கே பிறந்து இங்கேயே இருந்து, எழுதிக்கொடுக்காதவன் இந்தியன் ஆனான். மௌனமும் ஒரு வாக்காக எண்ணப்பட்டது.

கீழூர் மண்டபம் 170 பேரின் ஞாபகம். அந்த எட்டுப் பேரின் கட்சி என்னுடையதல்ல. ஆனால் அவர்கள் இருந்ததால்தான் அன்று நடந்ததை வாக்கெடுப்பு என்று கூசாமல் எழுத முடிகிறது.