கேட்டதை எழுதிய கரங்கள்



தாம்பரத்திலும் வண்டலூரிலும் கல்லூரி செல்லும் நம் பிள்ளைகள் வகுப்பில் குறிப்பெடுக்கின்றனர். இக்கலையில் நமக்கு நெடிய வரலாறு உண்டு.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி பெற்று, செவியுற்றவற்றை எழுதினார்கள். அவ்வேடு ‘ஸஹீஃபா ஸாதிகா’ எனப் பெயர் பெற்றது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவரான யமன் நாட்டு ஹம்மாம் இப்னு முனப்பிஹ் (ரஹ்), ஆசிரியரிடம் கேட்ட சுமார் 138 ஹதீஸ்களை ஏட்டில் பதிந்தார். டமாஸ்கஸிலும் பெர்லினிலும் இருந்த அதன் கையெழுத்துப் படிகளைக் கொண்டு 1953இல் அதைப் பதிப்பித்தவர், ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (1908–2002). இமாம் அஹ்மத் (ரஹ்) தம் ‘முஸ்னத்’ நூலில் சேர்த்திருந்த அதே ஹதீஸ்களோடு ஒப்பிட்டபோது, அவை பெரிதும் ஒத்திருந்தன.

கேட்டதன் கருத்தைத் தம் சொற்களில் அறிவிக்கவும் அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்தனர். மொழியறிவும் பொருள் மாறாமையும் அதற்கு நிபந்தனைகள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ ஹதீஸை அறிவித்தபின், ‘அல்லது இதுபோன்று’ என அச்சத்துடன் சேர்த்துக் கூறுவார்கள்.

கரும்பலகையில் உள்ளதைப் படியெடுப்பது எளிது. பொருளுணர்ந்து எழுதுவதும், ஆசிரியர் சொல் எது, தன் சொல் எது எனப் பிரித்துக் காட்டுவதும் அமானிதம். இன்றிரவு பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து, “இதை உன் சொல்லில் கூறு” என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.