ஊசி ஓரிடம், பெயர் ஓரிடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் இருந்து வாசியுங்கள்.

2021இல் கொவிட் ஊசிக்காக அலைந்ததை இப்போது பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறோம். எந்தப் பாடசாலையில் போடுகிறார்கள், எந்த வயதுக்கு, எந்தக் கிராம சேவகர் பிரிவுக்கு, கையில் துண்டு வேண்டுமா வேண்டாமா என்று வட்சப்பில் வந்ததையெல்லாம் நம்பி வெயிலில் நின்றோம். "இண்டைக்கு முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்ற சொல்லைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் ஊசிக்கு நாள் குறிப்பதும், குறித்த நாளில் ஆள் வராததும், வந்த ஆளுக்கு மருந்து இல்லாததும் 2021இல் தொடங்கியவை அல்ல. இந்தத் தீவில் அந்தக் கதைக்கு 200 வயது தாண்டிவிட்டது.

பெரியம்மையிலிருந்து தொடங்க வேண்டும். கொப்புளத்தின் சீழில் சிறிதளவை இன்னொருவர் தோலில் கீறி ஏற்றும் வழக்கம் உதுமானியர் ஆட்சியிலிருந்த துருக்கியில் முன்பே இருந்தது. அங்கே ஆங்கிலத் தூதுவரின் மனைவியாக இருந்த மேரி மொண்டகு அதைப் பார்த்து, 1721இல் லண்டனில் தன் மகளுக்குச் செய்வித்தார். 1796இல் எட்வர்ட் ஜென்னர் அதைவிடப் பாதுகாப்பான பசு அம்மை நீரைக் கண்டார். அந்த மருந்து நம் பக்கம் வந்த பாதை பக்தாத், பஸ்ரா, அங்கிருந்து கப்பலில் பம்பாய். 1802 ஜூன் 14ஆம் திகதி பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது பலித்தது. அதே ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்துவிட்டது. இங்கே பிரித்தானியரின் மருத்துவத் துறைக்குப் பொறுப்பாக இருந்த தோமஸ் கிறிஸ்டி அதைப் பரப்பினார். பெரியம்மை இத்தீவில் செய்த அழிவைப் பற்றி 1811இல் எழுதியும் வைத்தார்.

அன்று குளிரூட்டி இல்லை. மருந்தைப் போத்தலில் அடைத்து வைத்தால் இந்த வெக்கைக்குக் கெட்டுவிடும். அதனால் மனிதக் கைதான் போத்தல். ஒரு பிள்ளையின் கையில் அம்மைப்பால் குத்துவார்கள். எட்டாம் நாள் அங்கே நீர்க்கொப்புளம் முற்றியிருக்கும். அன்றைக்குப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தக் கொப்புளத்திலிருந்து எடுத்துத்தான் அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். அந்த எட்டாம் நாள்தான் இந்த நாட்டில் தடுப்பூசிக்குக் குறித்த முதல் தவணை என்று சொல்லலாம். தாய் வராவிட்டால் நட்டம் அவளுக்கு மட்டுமல்ல. அந்தக் கொப்புளத்தை நம்பி இருந்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் மருந்து இல்லை.

பல தாய்மார் திரும்பி வரவில்லை. அதை அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சரியல்ல. நம் குடாநாட்டில் அதை அம்மாள் வருத்தம் என்பார்கள். வேப்பிலையும் நேர்த்தியும் அதன் வைத்தியம். அந்த நம்பிக்கை ஒரு காரணம். இன்னொரு பயம் நியாயமானது. யார் பெற்ற பிள்ளையின் கொப்புளமோ, அதில் வேறு நோய் இருந்தால் அதுவும் ஏறிவிடும். அப்படித் தொற்றியதும் உண்டு. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையின் கையைத் திரும்பக் கீறக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அரசாங்கத்தின் பதில் சட்டமாக வந்தது. இங்கிலாந்தில் 1853இல் குழந்தைகளுக்கு ஊசியைக் கட்டாயமாக்கினார்கள்; எட்டாம் நாள் திரும்பக் காட்டுவதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. இலங்கையில் 1886இல் அம்மைப்பால் கட்டளைச் சட்டம் வந்தது.

ஆனால் ஊசியை மக்கள் வழக்கமாக்கிக் கொண்டது தண்டப் பயத்தால் அல்ல, ஆட்களால். வீட்டுப் படலையைத் திறந்து, பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடும் மிட்வைஃப் அக்காவால். 1978இல் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் இங்கே தொடங்கியபோது அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் அவர்கள்தான். கர்ப்பம் தரித்த நாளிலிருந்து தாயின் பெயர் அவர்களுடைய கொப்பியில் இருக்கும். கிளினிக் நாள் எல்லாருக்கும் தெரியும். வரவில்லை என்றால் தேடி வருவார்கள். யாரும் இடம் பிடிக்க வேண்டியதில்லை.

போர்க்காலத்திலும் அந்த வேலை அடியோடு நின்றுவிடவில்லை. 1995இல் தேசிய போலியோ ஒழிப்பு நாட்கள் தொடங்கின. பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் அந்த நாட்களில் சண்டையை நிறுத்தும்படி யுனிசெஃப் இரு தரப்போடும் பேசியது. இந்த நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். ஷெல் விழுந்த மண்ணில் போலியோவை நிறுத்திய நாடு இது என்பதில் நாம் எல்லாரும் பெருமைப்படலாம்.

அப்படியென்றால் 2021இல் ஏன் தடுமாறினோம்?

முதற்காரணம், மருந்தே இல்லை. 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா 5 இலட்சம் ஊசிகளை அன்பளிப்பாகத் தந்தது. மறுநாளே போடத் தொடங்கினார்கள். பிறகு இந்தியாவிலேயே நோய் பெருகி ஏற்றுமதி நின்றது. முதல் ஊசி போட்ட சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு வழியில்லாமல் நின்றார்கள். ஜப்பான் தந்த ஊசி ஜூலை 31ஆம் திகதி வந்த பிறகுதான் அவர்களுக்கு விடிந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொதுமக்களுக்கென்று 50,000 சினோபார்ம் வந்து, மே 30ஆம் திகதி போடத் தொடங்கினார்கள். ஆறு இலட்சம் சனத்துக்கு ஐம்பதினாயிரம். யாருக்கு முதலில் என்ற கேள்வி வராமல் எப்படி இருக்கும்?

இரண்டாவது காரணம் பட்டியல். மருந்து குறைவான இடத்தில் துண்டுக்கு மதிப்பு ஏறும். மே மாதம் மொறட்டுவையில், தான் ஒப்பமிட்ட துண்டுக்காரருக்கே ஊசி போட வேண்டும் என்று வைத்தியரோடு தகராறு செய்ததாக மாநகர முதல்வரே கைதானார். அக்கரையில் இந்தியாவில் அது வேறு வடிவம் எடுத்தது. மே 1 முதல் 18இலிருந்து 44 வயது வரையானவர்கள் கோவின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி. கணினி தெரிந்த இளைஞர்கள் நகரத்திலிருந்தபடியே கிராமத்து நிலையங்களின் இடங்களைப் பிடித்தார்கள். தொலைபேசி இல்லாதவன் என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஜூன் 21 முதல் நேரே வந்தும் போடலாம் என்றாக்கினார்கள்.

நமக்கு, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு, பட்டியல் என்ற சொல்லே ஒரு நீண்ட கதை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் 30 ஆண்டு. அங்கே பிறந்த பிள்ளைக்கு ஊர் எது? திரும்பி வந்த குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. இடம்பெயர்ந்தவன் தன் ஊரில் வாக்காளராகப் பதிய 2013இல் ஒரு விசேட சட்டமே தேவைப்பட்டது. ஊசியும் கிராம சேவகர் பிரிவின் பட்டியலைப் பார்த்து வந்தபோது, எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவருக்கு அங்கே "உங்கட பதிவு யாழ்ப்பாணம்தானே" என்றார்கள். இங்கே "நீங்க இங்க இருக்கிறதில்லையே" என்றார்கள். இரண்டும் பொய்யில்லை. இடையில் நின்றது 70 வயது தாண்டிய ஒரு உயிர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி 25 வரை கொவிட்டில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். அதற்கு மூன்று மாதம் கூட ஆகவில்லை, அதே அரசாங்கம் "பெயரைத் தாருங்கள், ஊசி போடுகிறோம்" என்று கேட்டது. சிலர் தயங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டுத் தாய் எட்டாம் நாள் வராததைப் போலத்தான் இதுவும். என் பிள்ளையைக் கீறியவனிடம் திரும்பவும் கையை நீட்டுவதா என்ற கேள்வி. அந்த எரிப்புக்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில். தயக்கத்தைத் தாண்டி நம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்பதையும் பதிந்து வைக்க வேண்டும்.

வரலாறு படிப்பிப்பவனாக எனக்குத் தெரிவது இதுதான். மருந்து வந்தால் மட்டும் போதாது. அதை ஆளிடம் சேர்ப்பது நம்பிக்கையும், பிழையில்லாத பட்டியலும். படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. துண்டும் இணையமும் வந்தபோது, பட்டியலில் இல்லாதவரைத் தேடும் வேலை யாருடையது என்பது இல்லாமல் போனது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. ஊசி பாடசாலையிலேயே போடுகிறார்கள். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை. முதல் ஊசி போட்டுவிட்டு இடையில் புத்தளத்துக்கோ வேறு ஊருக்கோ மாறிப் போகும் பிள்ளை நம் வகுப்புகளில் உண்டு. போடும் நாளில் வராத பிள்ளையும் உண்டு. அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். மாறிப் போன பிள்ளையின் தாய்க்கு ஒரு அழைப்பு எடுத்து, அட்டையைப் புதுப் பாடசாலையில் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.