வட்டுக்கோட்டையில் ஒருவர் போட்ட வால்வெள்ளிக் கணக்கு

பள்ளிக்கூடத்தில ஹேலி வால்வெள்ளியைப் பற்றி எல்லாரும்தான் படிச்சோம். 76 வருசத்துக்கு ஒருக்கா வரும், அடுத்தது 2061 இல், அவ்வளவுதான். எங்கட ஊர் வாத்தியார் ஒருவரும் அதன் பாதையைக் கணக்குப் போட்டவர் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. அலன் ஆபிரகாம் என்ற பெயரைப் பள்ளிக்கூடம் விட்டுக் கன காலத்துக்குப் பிறகுதான் கேள்விப்பட்டோம்.

1865 இல் காரைநகரில் பிறந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்தவர். அந்த வளவுக்கு வானியல் புதிசில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கின செமினரி இருந்த இடம் அது. அங்கே ஹொய்சிங்டன் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதத்தையும் மேற்கத்தைய வானியலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படிச்சவர். (பஞ்சாங்கத்தில பிழை காட்டினால் சமயத்தையும் அசைக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேணும்.)

வால்வெள்ளி என்பது பனியும் தூசும் கல்லும் சேர்ந்த ஒரு சின்னக் கட்டி. வியாழனும் சனியும் போற வாற வழியில அதை இழுத்துவிடும். 76 என்பது சராசரிதான். ஒருமுறை 74 வருசத்தில வரும், இன்னொருமுறை 79 ஆகும். ஆனபடியால் ஒவ்வொரு முறையும் கணக்கை முதலில இருந்து போட வேணும். கணினி இல்லாத காலம், மடக்கை அட்டவணையும் கடதாசியும்தான். கிரீன்விச்சில் கோவெலும் குரொம்லினும் போட்ட பேர்பெற்ற கணக்கே ஏறத்தாழ மூன்று நாள் பிசகினது.

1910 ஏப்ரல் 20 இல் ஹேலி சூரியனுக்கு ஆகக் கிட்ட வந்தது. மே 6 இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்துபோனார். தூமகேது தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்று நம்பின ஆக்களுக்கு வேறென்ன வேணும்? மே 18, 19 அளவில் பூமி அதன் வாலுக்குள்ளால போகும், வாலில் சயனோஜன் நச்சுவாயு இருக்கு என்ற செய்தியும் பரவினது. அமெரிக்காவில் வால்வெள்ளி மாத்திரை விற்றுக் காசு பார்த்தார்கள். வால் அவ்வளவு ஐதானது, ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

உலகம் இப்படிப் பதறின நேரத்தில்தான் ஆபிரகாம் ஹேலியின் பாதையைக் கணித்து எழுதினார். பிறகு லண்டன் ராயல் வானியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1922 இல் காலமானார். அவரைப் பெரிய வீரராக்க நாங்கள் வரவில்லை. வால்வெள்ளியை அவர் கண்டுபிடிக்கவுமில்லை. ஆனால் கிரீன்விச் மாதிரி ஒரு வானாய்வகம் இல்லாத ஊரில இருந்து, மற்றவன் சொல்லும் மட்டும் காத்திராமல் தானே கணக்குப் போட்டுப் பார்த்தாரே, அந்தத் துணிவு எங்களுக்குப் பெரிசாப் படுது. இந்தப் பெயர் எங்கட பாடப்புத்தகத்தில ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

அடுத்த முறை, 1986 இல், ஹேலி வந்தபோது இங்க போர்க்காலம். அந்த மார்ச்சில் ஜியோட்டோ விண்கலம் கிட்டப் போய்ப் படமெடுத்தது. கரி மாதிரிக் கறுத்த, உருளைக்கிழங்கு வடிவக் கட்டி. நீளம் 15 கிலோமீற்றர். வட்டுக்கோட்டையில இருந்து யாழ்ப்பாண ரவுணுக்குப் போற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட.

2023 டிசம்பரில் நெப்டியூனுக்கும் அப்பால் திரும்பி, இப்ப அது எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கு. 2061 மட்டும் பொறுக்க ஏலாதவர்கள் மே 5, 6 ஆம் திகதி விடியமுதல் எழும்பிக் கிழக்குப் பக்கம் பாருங்கோ. அப்ப விழுகிற எரிவெள்ளிகள் ஹேலி விட்டுப்போன தூசுதான்.