ட்ரிகரில் இல்லாத ஒருத்தர்

நீங்க இப்ப படிக்கறது ஒரு ஒலிப்பதிவோட எழுத்து வடிவம். 1955-ல் வந்த ‘ரன் சைலன்ட், ரன் டீப்’ நாவலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். போர்க் கடன் பத்திரப் பிரசாரத்துக்காக ரிச்சர்ட்சன் என்ற நீர்மூழ்கி கேப்டன் டேப்பில் பேசுகிறார். விஷயத்தை விட்டு எங்கெங்கோ போகிறார், இது நமக்கு உதவாது என்று கடற்படை ஒதுக்கிவிடுகிறது. அந்தப் பேச்சுதான் மொத்த நாவலும்!

எழுதியவர் எட்வர்ட் பீச், அமெரிக்கக் கடற்படை அதிகாரி. புத்தகம் வந்தபோது அதிபர் ஐசனோவருக்குக் கடற்படை உதவியாளர். (அப்பாவும் கடற்படை கேப்டன்தான், அவரும் கதை எழுதியவர். வீட்டு வியாதி போல!)

இரண்டாம் உலகப் போரில், பசிபிக்கில், ‘ட்ரிகர்’ என்ற நீர்மூழ்கியில் பீச் ரெண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். 1944-ல் வேற கப்பலுக்கு மாற்றல். 1945 மார்ச்சில் ஜப்பானியர்கள் ட்ரிகரை மூழ்கடித்தார்கள். ஒருத்தர்கூட பிழைக்கலை. அந்தப் போரில் அமெரிக்கா இழந்த 52 நீர்மூழ்கிகளில் அதுவும் ஒண்ணு.

இப்ப நாவலைப் பாருங்க. ரிச்சர்ட்சனுக்குக் கால் உடைகிறது, கரையில் தங்கிவிடுகிறார். அவரோட கப்பல் ‘வால்ரஸ்’ வேற கேப்டனோட கிளம்பிப் போய், திரும்பி வரவே இல்லை. மூழ்கடித்தது ‘பங்கோ பீட்’ என்று பட்டப்பெயர் வைத்த ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கேப்டன். இது வெறும் கற்பனைன்னு என்னால நம்ப முடியலை.

இன்னொரு நிஜமும் கதைக்குள்ள இருக்கு. போரின் ஆரம்பத்தில் அமெரிக்க டார்பிடோக்கள் குறிவைத்ததைவிட ஆழமாக ஓடின. மோதினாலும் பல வெடிக்கவில்லை. சரியாக 1943 இறுதிவரை ஆனது. உயிரைப் பணயம் வைத்து நெருங்கிப் போய் சுட்டால், ‘டொக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். த்ரில்லருக்கு இதைவிட என்ன வேணும்?

ஆனா என்னை உலுக்கியது முடிவுதான். ரிச்சர்ட்சன் புதுக் கப்பலோட போய் பங்கோ பீட்டை மூழ்கடிக்கிறார். எதிரி ஆட்கள் உயிர்காப்புப் படகுகளில் தப்புகிறார்கள். கரை பக்கம். விட்டால் அதே கேப்டன் வேற கப்பலில் மறுபடி வேட்டைக்கு வருவான். ரிச்சர்ட்சன் அந்தப் படகுகள் மேலேயே நீர்மூழ்கியை ஏற்றுகிறார். கதாநாயகனை இப்படி எழுத ஒரு கடற்படை அதிகாரி துணிந்தார், அதுவும் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்துக்கொண்டே.

1958-ல் கிளார்க் கேபிள் நடித்த படத்தில் இந்தக் காட்சி கிடையாது. படத்தை மட்டும் பார்த்தவங்க, தயவுசெஞ்சு புத்தகத்தையும் எடுங்க.