பேறுகால எண்ணும் எல்லை கடக்கும் தாயும்

விடியும் முன்பே கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு அவர்கள் செல்கின்றனர். மாலையில் வீடு திரும்புவோர் உண்டு. தோட்டத்திலேயே தங்கிவிடுவோரும் உண்டு. இவர்களில் ஒருவர் கருவுற்றால், அவரது பெயர் எந்த மாநிலத்தின் பதிவில் இடம்பெறும்?

கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்க, தமிழகத்தில் 2008-இல் 'பிக்மி' என்னும் இணையப் பதிவுமுறை தொடங்கப்பட்டது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் தேவை. 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அது கோரப்படுகிறது. எந்தத் தாயும் விடுபடக் கூடாது என்பதே நோக்கம். அதில் குறைகாண இடமில்லை.

ஆனால், ஒரே சீரான படிவம் ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தையே மனத்தில் கொள்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் மரபு. மலையில் பரிசோதனை செய்துகொண்டு, பிரசவத்துக்குப் பள்ளத்தாக்கில் உள்ள தாய்வீட்டுக்கு வருபவரிடம் இந்த எண் இல்லாது போகலாம். பிறப்பைப் பதிவது 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் கடமை. 21 நாள்களுக்குள் தெரிவித்தால் கட்டணமும் இல்லை. மருத்துவக் கண்காணிப்புக்கான எண், குழந்தையின் குடிமை உரிமைக்கு நிபந்தனையாகிவிட்டது என்பதுதான் எதிர்பாராத விளைவு.

மற்றொரு விளைவும் உண்டு. ஓர் அளவீடே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவீடாக இராது என்பது பொருளியலில் 'குட்ஹார்ட் விதி' எனப்படும். பதிவேற்றத்தைக் கொண்டே பணி மதிப்பிடப்படும்போது, கிராம சுகாதார செவிலியரின் நேரம் வீடுதேடிச் செல்வதிலிருந்து விவரப் பதிவுக்கு மாறுகிறது. தோட்டத்துக்குச் சென்றுவிட்ட பெண்ணைத் தேடிக் காண்பதோ எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

பதிவுமுறையைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. எண் இல்லை என்பதற்காகப் பிறப்புச் சான்றிதழ் தாமதிக்கப்படக் கூடாது. பிரசவம் நிகழும் மருத்துவமனையே அந்த எண்ணை வழங்க வேண்டும். விவரப் பதிவுக்குத் தனிப் பணியாளர்கள் தேவை. மாநில எல்லை கடந்து மருத்துவ ஆவணங்களைப் பகிர்வதற்கென 2021-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் பயனைச் சோதித்தறிய தேனி - இடுக்கி எல்லையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.